நான்கு வயது மகளுக்குத் தட்டைப் பாதம்: எப்படிப்பட்ட ஷூ வாங்குவது?

நிலாமுகில் (கேள்வி):

வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது நிறைந்திருக்கிறது. ஈரக் காலோடு தரையில் நடந்தால் உள்ளங்கால் முழுவதும் அப்படியே பதிகிறது. நடுவில் குழிவே தெரிவதில்லை. ஷூ வாங்கப் போன இடத்தில் இதைக் கவனித்த விற்பனையாளர், உள்ளே மேடு வைத்த ஷூவைத்தான் இவளுக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதம் இப்படியே நின்றுவிடும் என்று சொன்னார். அவள் ஓடுகிறாள், குதிக்கிறாள், கால் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. இப்போது போடும் ஷூவைக் கழற்றும்போது சுண்டுவிரலின் பக்கவாட்டில் தோல் சிவந்திருக்கிறது. முனையை விரலால் அழுத்திப் பார்த்தால் இடம் இருப்பதாகவே தெரிகிறது. ஓர் அளவு பெரிதாக வாங்கினால் சரியாகுமா? அவளுடைய அண்ணன் போட்ட ஷூ ஒன்று கிழியாமல் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா?

பாதநலம் (பதில்):

வணக்கம் சகோதரி. குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் மகளின் பாதம் அந்த வயதுக்கு உரிய பாதமாகவே தெரிகிறது. வளர்ந்த ஒருவரின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவற்றில் பல வெறும் குருத்தெலும்பாகவே இருக்கும். பாத வளைவின் உச்சியில் அமர்ந்திருக்கும் படகெலும்பு, பல பிள்ளைகளுக்கு மூன்று வயதை ஒட்டித்தான் எலும்பாக மாறவே தொடங்குகிறது. அதோடு, சிறு வயதில் உள்ளங்காலின் நடுவே கொழுப்பு திரண்டிருக்கும், தசைநார்களும் தளர்வாக இருக்கும். ஆகவே வளைவு வெளியே தெரிய ஆறு வயது, சிலருக்குப் பத்து வயதுகூட ஆகலாம்.

மகளை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு எழுந்து, குதிகால் சற்று உட்புறமாகத் திரும்பினால், அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாதவரை அதற்குச் சிகிச்சையே தேவையில்லை. மேடு வைத்த ஷூ வளைவை உருவாக்காது. 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 1 முதல் 6 வயது வரையிலான தட்டைப் பாதப் பிள்ளைகளில் சிலருக்குச் சிறப்பு ஷூவும் உள் அட்டையும் (ஷூவுக்குள் பாதத்தின் அடியில் இருக்கும் இன்சோல்), மற்றவர்களுக்குச் சாதாரண ஷூவும் கொடுத்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வயது ஏற ஏற எல்லாக் குழுக்களிலும் பாதம் மேம்பட்டது. சிறப்பு ஷூ போட்டவர்களிடம் தனியாக எந்த நன்மையும் தென்படவில்லை. விற்பனையாளர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த அறிவுரைக்காக நீங்கள் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

நுனிக்காலில் நின்றும் வளைவு எழாமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, ஒரு காலில் மட்டும் தட்டையாக இருந்தாலோ, நொண்டினாலோ, கொஞ்ச தூரம் நடந்தவுடனே தூக்கச் சொல்லி அழுதாலோ, எலும்பு மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இளவேனில் (பதில்):

தோழி, சுண்டுவிரல் ஓரம் சிவப்பது அகலம் போதாததன் அடையாளம். நீளத்தைக் கூட்டினால் அது தீராது. பாதம் உள்ளே முன்னோக்கி வழுக்கும், விரல்கள் ஷூவைப் பிடித்துக்கொள்ள மடங்கும், ஷூ மடிய வேண்டிய இடமும் பாதம் மடியும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். அதே நீளத்தில் முன்பக்கம் அகன்று, விரல்களின் வடிவத்தை ஒட்டி வளைந்த ஷூவைத் தேடுங்கள்.

விரலால் அழுத்திப் பார்க்கும் வழக்கத்தை நான் நம்புவதே இல்லை, ஏனென்றால் யாராவது முனையை அழுத்தினால் பிள்ளைகள் தம்மை அறியாமல் விரல்களை மடக்கிக்கொள்வார்கள். நமக்கு இடம் இருப்பதுபோலத் தோன்றிவிடும். மாலையில், சாக்ஸ் அணிவித்து, அட்டையின்மேல் நேராக நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரையுங்கள். பெரிய பாதத்தின் குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல்வரை அளந்து (சிலருக்கு இரண்டாம் விரலே நீளம்), அதோடு 12 மில்லிமீட்டர் கூட்டி, அந்த நீளத்துக்கு ஓர் அட்டைக் கீற்றை வெட்டிக்கொள்ளுங்கள். கீற்று ஷூவுக்குள் வளையாமல் படுத்தால் நீளம் போதும். அடுத்து, உள் அட்டை கழலக்கூடியதாக இருந்தால் அதை வெளியே எடுத்து, பின்விளிம்போடு குதிகாலைச் சேர்த்து அதன்மேல் குழந்தையை நிற்கவையுங்கள். பாதத்தின் ஓரம் எங்கே வழிகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது.

மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை பாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும், அதற்கு முன்பு இன்னும் வேகமாகவே வளரும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கீற்று முறையில் சரிபார்த்துவிடுங்கள். சாக்ஸையும் மறக்க வேண்டாம், இறுகிய சாக்ஸும் விரல்களை நெருக்கும்.

அண்ணனின் ஷூவைப் பொறுத்தவரை, அவர் அதை எவ்வளவு காலம் போட்டார் என்பதுதான் கேள்வி. சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிப்பகுதி ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ, உள் அட்டையில் அவருடைய விரல்களின் குழி பதிந்திருந்தாலோ, அந்த ஷூ அவருடைய நடைக்குப் பழகிவிட்டது, தங்கைக்கு வேண்டாம். சில முறை மட்டும் போட்டு ஒதுக்கியது என்றால், அளவும் பொருந்தும்போது தாராளமாகக் கொடுக்கலாம்.

பாதநலம் (பதில்):

இளவேனில் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். புதியதை வாங்கும்போது இரு கைகளாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள்: விரல்கள் தொடங்கும் இடத்தில் எளிதாக மடிய வேண்டும், நடுவில் மடியக் கூடாது. குதிகாலைச் சுற்றிய பகுதி அழுத்தினால் நசுங்காமல் இருக்க வேண்டும். வெல்க்ரோ, வார், கயிறு என எதுவானாலும் பாதத்தை மேலிருந்து பிடிக்கும் கட்டு ஒன்று அவசியம். வீட்டுக்குள் ஷூவே வேண்டாம். வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் சிறு தசைகள் நன்றாக வேலை செய்யும்.

நிலாமுகில்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நுனிக்காலில் நிற்கச் சொன்னேன், வளைவு தெளிவாகத் தெரிந்தது. அப்படியே ஒரு சிறு கேள்வி: பத்து வயது மகன் கால்பந்து விளையாடி வந்த பிறகு இரு குதிகால்களும் வலிப்பதாகச் சொல்கிறான். ஓய்வெடுத்தால் சரியாகிறது. இதற்கும் ஷூதான் காரணமா?

பாதநலம் (பதில்):

ஷூ ஒரு பங்குதான். எட்டு முதல் பதினான்கு வயதுவரை, ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருவது. குதிகால் எலும்பின் பின்புறத்தில் இன்னும் இணையாத வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) ஒன்று உண்டு. கெண்டைக்கால் தசை அதைக் குதிகாலோடு தன்னை இணைக்கும் நாண் வழியாகத் திரும்பத் திரும்ப இழுக்கும்போது அந்த இடம் நோகிறது. குதிகாலின் இருபக்கத்தையும் சேர்த்து மெதுவாக அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். சில வாரங்கள் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, விளையாடிய பின் துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். தட்டையான, அடிப்பகுதி மெலிந்த ஷூவைத் தவிர்த்து, குதிகாலுக்கு மெத்தை வைத்ததைப் போடலாம். வளர்ச்சித் தட்டு எலும்போடு இணைந்தபின் இந்த வலி வராது. ஆனால் இரவில் வலித்து எழுந்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ, ஓய்விலும் நொண்டினாலோ, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.