ஸ்கிராப்புக் பக்கத்தில் பூவும் கல்லும் எங்கே வைப்பது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தங்கை வளைகாப்புப் படங்களை அலங்கரித்து ஒட்டுகிற ஸ்கிராப்புக் ஆல்பத்துக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, வாங்கியதெல்லாம் பக்கத்தில் வந்தாக வேண்டும். குந்தன் கல், குவில்லிங் பூ (காகிதச் சுருளில் செய்தது), லேஸ், சரிகை நாடா, பித்தளை நிறக் குட்டிப் பாதம் என்று மேசை முழுக்கப் பரப்பிவிட்டாள். பக்கம் 12-க்கு 12 அங்குலம். படம் 4-க்கு 6-ல் இரண்டு. மீதி இடம் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் நாலு மூலையிலும் பூ வைத்தால் கண் மூலைக்கே போகும், வளையல் அடுக்கிய கைக்குப் போகாது.

அதனால் அலங்காரம் மூன்றே கூட்டமாக. பெரியது, படத்தின் இடது கீழ் மூலைமேல் கொஞ்சம் ஏறினாற்போல: அடியில் லேஸ், மேலே இரண்டு இலை, அதன்மேல் பெரிய பூ, ஒட்டினாற்போல் சின்னப் பூ, இடுக்கில் ஒரே ஒரு கல். அடுத்தது மேலே வலதுபக்கம், தலைப்பை ஒட்டி. கடைசியாக வலது கீழ் ஓரத்தில் வெறும் கற்கள். மூன்றிலும் அரக்குச் சிவப்பு கொஞ்சமாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது நடுவிலிருக்கிற முகத்தைத் தாண்டித்தானே போகணும்.

ஒட்டுவதற்கு முன்னால் போனில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் கனம் கூடிவிட்டது என்று பளிச்சென்று தெரியும்.

பாதிக்கு மேல் டப்பாவுக்கே திரும்பியதில் தங்கைக்கு முகம் தொங்கிவிட்டது. ஆல்பம் பார்த்த அவள் நாத்தனார் அந்த வளையல் எங்கே வாங்கியது என்று கேட்டாராம். பூவைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எனக்குப் பரம திருப்தி!

*

அக்கா, கூட்டம் சரி, உயரத்தையும் சேர்த்துச் சொல்லணும். நான் ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். ஒருவர் வேறெங்கோ செய்த கல்யாண ஆல்பத்தைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். இடது பக்கத்தில் கண்ணாடிக் கல். ஆல்பத்தை மூடினால் அது எதிர்ப்பக்கத்து மாப்பிள்ளை நெற்றியில் போய் உட்காரும். நெற்றியில் பள்ளமே விழுந்திருந்தது. வேறு பிரிண்ட் போட்டுத்தான் கொடுத்தேன்.

எதிரெதிர்ப் பக்கங்களை எப்போதும் சேர்த்தே பாருங்கள். இங்கே ஃபோம் டேப் (தடித்த, மெத்தென்ற ஒட்டுநாடா) வைத்துப் பூவைத் தூக்கினால், மூடும்போது அதற்கு நேராக வரும் இடம் வெறும் காகிதமாக இருக்கட்டும். தைத்த ஓரத்தை ஒட்டி ஒரு அங்குலத்துக்கு எதையும் ஒட்டாதீர்கள், ஒட்டினால் பக்கம் புரளாது. அப்புறம் லேஸுக்கு வெள்ளைப் பசை வேண்டாம். ஈரத்தில் காகிதம் நெளியும். டபுள் சைட் டேப் போதும்.

*

எங்களிடம் பாட்டி-தாத்தா கல்யாணப் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து நகலைத்தான் ஒட்டினேன். அசல்மேல் எதுவும் படக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் கறார்.

அண்ணி தன் கல்யாண மாலையில் காயவைத்த இதழ்களையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பூவை நேராக ஒட்டினால் காகிதத்தில் கறை இறங்கும். சின்னப் பாலியெஸ்டர் உறையில் போட்டு, படத்தைத் தொடாமல் தள்ளி வைத்தேன். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம், நாளாக நாளாக அதிலிருந்து வருகிற அமிலம் படத்தைக் கெடுக்கும். ரோஜா இதழ் கறுத்துப்போனாலும் வடிவம் நிற்கிறது. சம்பங்கி சுருங்கி நாராகிவிட்டது, அதை எடுத்துவிட்டேன்.