இதயம் நின்று மீண்டவருக்கு மூளை தேறுமா என்பதை முதல் நாளே சொல்லிவிட முடியுமா?

நொய்யல்கரை (திருப்பூர்):
எங்கள் பெரியப்பா தறிக்கூடத்தில் இதயம் நின்று விழுந்து, நெஞ்சை அழுத்தி மீட்கப்பட்டுக் கோவையில் ஒரு மருத்துவமனையில் வென்டிலேட்டரில் கிடந்தார். நினைவு திரும்புமா என்று கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்பதே பதிலாக இருந்தது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பத்திடம், முதல் நாள் ஸ்கேனை வைத்தே உண்டு, இல்லை என்று சொல்லிவிடுவதே நியாயம்.

பவானி மருத்துவர்:
உங்கள் வேதனை நியாயமானதுங்க; ஆனால் முதல் நாள் கணிப்பை என்னால் ஏற்க இயலாது. மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள், சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்தவர்களின் உடலில் நாட்கணக்கில் தங்கும் என்பதால், அசைவில்லாததை எல்லாம் மூளைச் சேதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, 72 மணி நேரம் கடந்து, மருந்தின் தாக்கமும் நீங்கிய பிறகு நினைவின்றி இருப்பவரைத் தேற வாய்ப்பில்லை என்று கணிக்க, அவரிடம் குறைந்தது இரண்டு பாதக அறிகுறிகளாவது சேர்ந்திருக்க வேண்டும். வெளிச்சம் பட்டும் கண்மணி சுருங்காமலும், பஞ்சு நுனி பட்டும் இமை மூடாமலும் இருப்பது ஒன்று. மணிக்கட்டு நரம்பைத் தூண்டும்போது மூளையில் எழ வேண்டிய என்20 அலை இருபுறமும் இல்லாதது மற்றொன்று. மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, ஸ்கேன் ஆகியவற்றோடு, நரம்பணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் என்எஸ்இ என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனையும் உண்டு. சிவப்பணுக்கள் உடைந்தாலே அதன் அளவு ஏறிவிடும் என்பதால் அதைத் தனியே நம்ப முடியாது.

மஞ்சள் மண்டி (ஈரோடு):
என்20 பரிசோதனை எல்லா ஊரிலுமா கிடைக்கிறது? கிடைக்காத இடத்தில் இந்த விதியால் என்ன பயன்?

பவானி மருத்துவர்:
கண்களைச் சோதிக்க டார்ச்சும் பஞ்சும் போதும்; இஇஜி பெரிய ஊர்களில் கிடைக்கிறது. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: தேறமாட்டார் என்று அவசரமாகக் கணித்துச் சிகிச்சையை நிறுத்தினால், அந்த மரணமே கணிப்பு சரி என்பதற்குச் சான்றாகிவிடும், அது தவறா என்று பிறகு யாராலும் அறிய முடியாது. உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து, 2023இல் எளிமையாக்கிய நெறிமுறையும் உள்ளது.

நொய்யல்கரை:
மூன்று நாள் பொறுக்கலாம். ஆனால் எந்த நாளில், எந்தச் சோதனைக்குப் பின் பேசுவோம் என்பதை முதல் நாளே ஏன் சொல்வதில்லை? தேதி தெரிந்தால் கடன் வாங்குவதையாவது திட்டமிடுவோமே.

பவானி மருத்துவர்:
அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் அறிகுறிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவர்களிடம் அந்தத் தேதியிலும் தீர்ப்புச் சொல்லாமல், காத்திருந்து மறுபடி சோதிக்கத்தான் வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகு விழித்தவர்களும் இருக்கிறார்கள்.