செட்டிநாட்டு வீட்டில் ஊர் அருங்காட்சியகம்: உப்புப் பூத்த சுவரை என்ன செய்வது?

வளவுவீடு (கேள்வி):
காரைக்குடிப் பக்கம் நூறு வயதைத் தாண்டிய வீட்டை ஊர் வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றுகிறோம். கூரை வேலை முடிந்தது. வளவுச் சுவரில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) தரையிலிருந்து 3 அடி வரை உப்புப் பூத்து, சிமெண்ட் பூச்சு பொரிந்து உதிர்கிறது. மறுபடி சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார் மேஸ்திரி. ரங்கூன் கடைப் பேரேடுகள், இசைகுடிமான ஓலைகள் (கல்யாண ஒப்பந்த ஓலைகள்), கண்டாங்கிச் சேலைகள், மரவைகள் (அரக்குப் பூசிய மரப் பாத்திரங்கள்), பித்தளைச் சாமான்கள் வரவிருக்கின்றன. தை மாதம் திறக்க எண்ணம். எதிலிருந்து தொடங்குவது?

காளவாய்:
டைல்ஸ் வேண்டவே வேண்டாம் அண்ணே. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை மேற்பரப்பு வழியாகத்தான் வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளிவிடும். இப்போது உதிர்வதும் அதனால்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். ரோடு மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்திருந்தால் மழைநீர் அடிச்சுவரில் நிற்கும். முற்றத்துத் தூம்பு அடைத்திருந்தாலும் இதே கதி. அதைச் சரிசெய்யாமல் பூசுவது வீண்செலவு.

பிறகு, ஈரக்கோட்டுக்கு 1 அடி மேல்வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டவேண்டும். கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். நீற்றி 15 நாளாவது ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, ஆற்று மணல் 3 பங்கு. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஈரச்சாக்கு போட்டு 10 நாள் பதமாக வையுங்கள். முதல் பூச்சிலும் உப்புப் பூக்கலாம், பயப்படவேண்டாம்: உள்ளிருக்கும் உப்பை அது இழுக்கிறது. சுரண்டிவிட்டு மறுபடி பூசுங்கள். மேலே வெள்ளையடிப்பு மட்டும். எமல்ஷன் அடித்தால் சிமெண்ட் செய்த கெடுதலையே அதுவும் செய்யும்.

உலர்ந்ததா என்று அறிய, 1 அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவரிலிருந்து ஈரம் வருகிறது. தையில் திறக்கவேண்டும் என்றால் பூச்சு ஆடிக்குள் முடியட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்தபின் இதே சோதனையைச் செய்து பார்க்காமல் ஒரு பொருளையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

ஏட்டுக்கட்டு:
பொருள்களைப் பற்றி. அலமாரியைச் சுவரை விட்டு 2 அங்குலம் தள்ளி வையுங்கள். புது பிளைவுட் வேண்டாம், அதன் ஆவி உலோகத்தைக் கறுக்கவைக்கும். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு நல்லது. சேலை, ஓலை, பேரேடு மூன்றுக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் போதும். வளவில் பகல் வெளிச்சம் அதைப்போல் பல மடங்கு இருக்கும். எனவே அவற்றை உள்ளறையில் வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டு வேறொன்றைக் காட்சிக்கு வையுங்கள்.

எழுத்தாணியால் கீறி மை ஏற்றிய ஓலையை மென்தூரிகையால் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சால் மெல்லத் தடவலாம். வண்ணம் தீட்டிய ஓலையில் எண்ணெய் படக்கூடாது. பேரேட்டை லேமினேஷன் செய்வது, செலோடேப் ஒட்டுவது இரண்டும் திருத்தமுடியாத கேடு. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கவிடாதீர்கள்: பாத்திரத்தில் வெட்டியிருக்கும் விலாசம் தேய்ந்துபோனால் அது யார் வீட்டுச் சாமான் என்பதே தெரியாமல் போகும்.

பதிவேடு:
பொருள் வரும் அன்றே ரசீது எழுதுங்கள். நன்கொடையா, இரவலா, எத்தனை ஆண்டுக்கு என்று இருவரும் கையெழுத்திடவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுங்கள்: 2026.4.1 என்றால் 2026ஆம் ஆண்டில் நாலாவதாகக் கொடுத்தவரின் முதல் பொருள். சேலையில் அதைப் பருத்தி நாடாவில் எழுதித் தைக்கவேண்டும், குண்டூசி குத்தக்கூடாது. 100 ஆண்டைத் தாண்டிய சிற்பம், ஓவியம் வந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேட்டபின் வாங்குங்கள்.

வளவுவீடு:
மிக்க நன்றி. சேலையிலும் மரவையிலும் பூச்சி இருக்கிறது. அந்துருண்டை போடலாமா?

ஏட்டுக்கட்டு:
வேண்டாம், பூட்டிய அறையில் அந்த வாடை ஆளுக்கே ஆகாது. சேலையைக் காற்றுப்புகாத பாலித்தீனில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் 24 மணி நேரம் பிரிக்காதீர்கள், பிரித்தால் சேலையில் நீர் கோக்கும். மரவையைக் குளிரில் வைக்காதீர்கள், அரக்கு வெடித்துவிடும். அதை அலுமினியப் பூச்சுள்ள உறையில் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களோடு போட்டு, காற்றுப்புகாமல் வாயை ஒட்டி, 3 வாரம் வையுங்கள். பிறகு வெள்ளைத்தாள் மேல் நிறுத்தி, புதிதாக மரத்தூள் விழுகிறதா என்று பாருங்கள்.