புதுப்பிப்பு: கூலன்ட் கசிவு பிடிபட்டது

காரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அவ்வப்போது குறைகிறது, தரையிலோ ஒரு சொட்டுகூட இல்லை என்று மூன்று வாரங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். எஞ்சின் ஆறியபின் சோதித்துப் பார்க்கச் சொன்னீர்கள். விடை கிடைத்துவிட்டது.

பணிமனையில் எஞ்சின் சூடாக இருக்கும்போதே அழுத்தச் சோதனை (கூலன்ட் ஓடும் பாதையில் காற்றழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடுவது) செய்திருந்தார்கள்; அதில் கசிவு பிடிபடவில்லை. நீங்கள் சொன்னபடி வண்டியை இரவு முழுக்க ஆறவிட்டு, பெங்களூரின் விடியற்காலைக் குளிரில் கைப்பம்பால் 1 பார் அழுத்தம் ஏற்றினோம். தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) அருகே, ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்கு அடியில் உலர்ந்த கூலன்டின் பச்சைப் பொருக்கு. அதன் ஓரத்தில் ஒரு துளி மெல்லத் திரண்டது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி! குளிரில் ரப்பர் சுருங்கினால் கசியும், சூட்டில் விரிந்தால் அடைபடும். சொட்டியதெல்லாம் எஞ்சினின் அடித்தட்டிலேயே தேங்கி உலர்ந்திருக்கிறது.

குழாயை மாற்றி, திருகு கிளாம்புக்குப் பதில் ஸ்பிரிங் கிளாம்ப் போட்டாயிற்று. ரப்பர் சுருங்கினாலும் அது கூடவே இறுகும். ஓசூர் போய் வந்தேன். கூலன்ட் மட்டம் அளவுக் கோட்டிலிருந்து அசையவில்லை.