லா ப்ரெவின் பக்கம் ஆரும் இருக்கிறீங்களோ? அண்ணி வரப்போறா

ஒட்டுசுட்டான்காரி:
வணக்கம். அண்ணாக்கு சுவிஸ்ல லா ப்ரெவின் எண்ட இடத்தில மாட்டுப் பண்ணையில வேலை, சி விசா (நிரந்தரமா இருக்கிற அனுமதி) இருக்கு, அண்ணியைக் கூப்பிடப் போறார். அவ முல்லைத்தீவு முத்தையன்கட்டை விட்டு வெளிய இருந்து பழக்கமில்லாதவ. சூரிச் மாமா சுவிஸ் எண்டா டொச் (ஜேர்மன் மொழி) தான் எண்டு சொல்லி ஆறு மாசமா கிளிநொச்சிக்கு பஸ் ஏறி டொச் கிளாஸுக்குப் போறா, ஆனா மப்ல பாத்தா நொஷாத்தல் மாநிலம் எண்டு கிடக்கு. டொச் காணுமோ? சனம் எவ்வளவு, எப்பிடியான இடம்?

லு லோக்ல் அண்ணை:
தங்கச்சி, டொச் கிளாஸை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. நொஷாத்தல், ஜூரா, வோ, ஜெனிவா எல்லாம் பிரெஞ்சு மாநிலம். கடை, தபால், பள்ளிக்கூடம் எல்லாத்திலயும் பிரெஞ்சு தான் கதைக்க வேணும். சி விசாக்காரர் மனிசியைக் கூப்பிடேக்கயும் இருக்கப்போற இடத்து மொழியைத்தான் கேப்பாங்கள், தெரியாட்டி அந்த மொழி வகுப்பில சேந்ததுக்குக் கடிதம் காட்ட வேணும்.

இடம் 1,040 மீற்றர் உயரத்தில, ரெண்டு பக்கமும் மலை, நடுவில நீளப் பள்ளம், பிரான்ஸ் எல்லை கிட்ட. புல்லுத்தரை, பால்மாடு, சீஸ், அவ்வளவுதான். 1987 ஜனவரி 12 காலமை சைபருக்குக் கீழ 41.8 பாகை போனது, அதுதான் சுவிஸில சனம் இருக்கிற ஊரில பதிஞ்ச ஆகக் குறைஞ்ச வெப்பநிலை. நிலத்தைப் பனி மூடிக் காத்தில்லாத இரவில குளிர்காத்து மலையால வழிஞ்சு இறங்கி, வெளியேற வழியில்லாமல் குளத்தில தண்ணி தேங்கிற மாதிரி பள்ளத்துக்குள்ள நிக்கும். ஈரத் துவாயைக் கொடியில போட்டா கொஞ்ச நேரத்தில பலகை மாதிரி விறைச்சுப்போகும், மடிச்சா முறியுமோ எண்டு பயமா இருக்கும்.

குளம் எண்டோண்ண ஞாபகம் வருது, அங்க தைய்யேர் ஏரி எண்டு ஒண்டிருக்கு, எங்கட குளம் மாதிரி தண்ணி திறந்து விடுற துருசோ நிரம்பி வான் பாயிறதோ கிடையாது. சுண்ணக்கல்லுப் பொந்துக்குள்ளால தண்ணி நிலத்துக்குள்ள போய் மலைக்கு அங்கால அரூஸ் ஆறா வெளிய வரும். மாரியில ஏரி உறைஞ்சா சனம் அதுக்கு மேல சறுக்கி விளையாடும்.

வன்னி வாத்தி:
சனத்தொகை 600க்குக் கொஞ்சம் மேல, பரப்பு கிட்டத்தட்ட 42 சதுர கிலோமீற்றர், அப்ப சதுர கிலோமீற்றருக்கு 15 பேர் வருது. 2012 கணக்கில எங்கட முல்லைத்தீவு மாவட்டமே 38, நாங்கள் தான் சனம் குறைவெண்டு சொல்லிக்கொண்டிருந்தனாங்கள். காடும் குளமும் மாடுமா வளந்தவவுக்கு அமைதி ஒண்டும் புதுசில்லை. அக்கம்பக்கத்தில தமிழ்ச் சத்தம் இல்லாததுதான் வாட்டும், அதால அவ பக்கத்து வீட்டுக்காரியோட கதைக்கிற அளவு பிரெஞ்சோட போகட்டும்.

ஒட்டுசுட்டான்காரி:
நன்றி அண்ணை, நன்றி சேர். அண்ணிக்குச் சொன்னன், ஆறு மாசம் வீணாப்போச்செண்டு அழுதவ, பிறகு தானே பிரெஞ்சு கிளாஸ் எங்க இருக்கெண்டு விசாரிக்கத் தொடங்கிட்டா. எந்த மாசம் வந்தா நல்லம்?

லு லோக்ல் அண்ணை:
மே கடைசி. மாடெல்லாம் மணி கட்டி புல்லுக்கு இறங்கியிருக்கும், மஞ்சள் பூ நிறைஞ்சிருக்கும். ஜனவரியில மட்டும் கூப்பிட வேண்டாமெண்டு கொண்ணாட்டைச் சொல்லுங்கோ.