ஒரு கட்டில், இரண்டு குளிர்: உங்கள் வீட்டுப் போர்வை அனுபவத்தைச் சொல்லுங்கள்

லெஸ்டர் தமிழச்சி:

என் வீட்டுக்காரருக்கு ஜனவரியிலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும். எனக்கு ஜூன் மாதத்திலும் காலுறை இல்லாமல் தூக்கம் வராது. கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான். ஒரே டூவேயை (உள்ளே அடைப்பு வைத்துத் தைத்த போர்வை) இரண்டு பேரும் போர்த்திக்கொண்டால் நடுராத்திரியில் அவர் உதைத்துத் தள்ளுவார், நான் இழுத்துச் சுருட்டிக்கொள்வேன், காலையில் இரண்டு பேருக்கும் கண் எரியும். தனித்தனி அறையில் படுக்கலாமா என்றுகூடப் பேசியிருக்கிறோம். போன குளிர்காலத்தில் வாங்கிய ஒரு பொருள் எங்களுக்கு உதவியது. அதைச் சொல்லவும் உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவும்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

இங்கே இங்கிலாந்தில் டூவே வாங்கினால் பையின் மேல் 'டோக்' என்று ஒரு எண் இருக்கும். உடம்புச் சூட்டை அது எவ்வளவு தூரம் வெளியே விடாமல் வைத்திருக்கிறது என்பதற்கான அளவு அது. 1940களில் மான்செஸ்டரில் இருந்த ஷர்லி இன்ஸ்டிட்யூட் என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்தது. கோடைக்கு 4.5, இடைப்பட்ட மாதங்களுக்கு 10.5, நல்ல குளிருக்கு 13.5 என்று பொதுவாக விற்கிறார்கள். கையில் தூக்கிப் பார்த்துக் கனமாக இருப்பதை எடுக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு, அது இங்கே உதவாது. வாத்தின் மென்தூவி அடைத்த 13.5 டோக் டூவே எடையே இல்லாத மாதிரி இருக்கும், ஏனென்றால் குளிரைத் தடுப்பது உள்ளே சிக்கி நிற்கும் காற்றுதான்.

நாங்கள் வாங்கியது ஒரு பாதி 4.5, மறு பாதி 10.5 டோக் உள்ள டூவே. கிங் சைஸ். மேலே உறை போட்டுவிட்டால் ஒரே டூவே மாதிரிதான் தெரியும், நடுவில் ஒரு தையல் ஓடும், அவ்வளவுதான். கையை அந்தத் தையல் மேல் வைத்துத் தடவினால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் உப்பலாகவும் இருப்பது நன்றாகத் தெரிகிறது. உறை மாற்றும்போது எந்தப் பக்கம் யாருடையது என்று குழம்பாமல் இருக்க, உப்பலான பக்கத்து மூலையில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டு வைத்திருக்கிறேன்.

குறையும் உண்டு. வீட்டு மெஷினில் இதைத் துவைக்க முடியாது, லாண்டரிக்கடையில் இருக்கும் பெரிய மெஷினுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கோடை வந்தால் எனக்கு 10.5 கொஞ்சம் அதிகம், ஆனால் என் பாதியை மட்டும் கழற்ற வழியில்லை. அப்படியும் சொல்கிறேன், இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் விடியும்வரை தூங்கினோம்.

சூரிச் அக்கா:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வாசித்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு வந்த புதிது ஞாபகம் வந்தது. இங்கே இரண்டு பேர் படுக்கும் கட்டிலில் இரண்டு தனிப் போர்வை மடித்து வைத்திருந்தார்கள். எனக்கு அது சரியான விசித்திரமாக இருந்தது, புருஷன் பெஞ்சாதிக்குச் சண்டையோ என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, சுவிஸ், ஜெர்மனி, சுவீடன், டென்மார்க் எல்லா இடமும் இதுதான் வழக்கம். மெத்தையே சில வீட்டில் இரண்டாக இருக்கும், ஒருவருக்கு இறுக்கமானது, மற்றவருக்கு மெதுவானது.

என்னைக் கேட்டால் இரண்டு தனிப் போர்வைதான் எல்லாவற்றிலும் நல்லது. அவருக்கு மெல்லியது, எனக்குத் தடித்தது. எனக்குக் கோடையில் வேறு, மாரியில் வேறு. ஒன்றைத் தோய்த்தால் மற்றது கட்டிலில் கிடக்கும். வீட்டு மெஷினுக்குள்ளும் போகும். எவர் திரும்பிப் படுத்தாலும் மற்றவரின் போர்வை அசையாது, இதை ஒருவரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் நித்திரை குழம்பாமல் இருப்பதில் பாதி இதில்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சுவிஸில் போர்வை அளவு 160க்கு 210 சென்டிமீட்டர். எல்லை தாண்டி ஜெர்மனியில் மலிவு என்று உறை வாங்கினால் அங்கே 135க்கு 200, அல்லது 155க்கு 220. எங்கள் போர்வைக்கு அது பொருந்தாது.

அப்புறம் காலுறை. 1999ல் பாசெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள், கால் சூடாக இருப்பவர்களுக்கு நித்திரை கெதியாக வருகிறது என்று. நித்திரைக்குப் போகும்போது உடம்பின் உட்சூடு இறங்க வேண்டும், அந்தச் சூடு வெளியேறும் வழி கையும் காலும்தான். ஆகவே காலுறை போடுவதற்கு வெட்கப்படாதீர்கள். காலுக்கு மட்டும் ஒரு கம்பளித் துண்டைக் குறுக்காகப் போட்டாலும் போதும்.

கரூர் நெசவுக்காரன்:

வணக்கம். கரூரில் ஏற்றுமதி ஜவுளியில் இருக்கிறேன். நீங்கள் போர்த்தும் உறைகளில் ஒருசில எங்கள் ஊரிலிருந்து போனதாகவும் இருக்கலாம். ஜெர்மனிக்குப் போகும் ஆர்டரில் 135க்கு 200 உறைதான் கட்டுக்கட்டாகப் போகும், இங்கிலாந்து ஆர்டரில் டபுள், கிங். ஆளுக்கொரு போர்வை என்று மேலே அக்கா சொன்னதை நாங்கள் பேக்கிங் மேஜையிலேயே பார்க்கிறோம்.

உள்ளே இருக்கும் அடைப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், உறைத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சூடு அதிகமாகத் தெரிகிறவர்களுக்கு பெர்கேல் நெசவு. ஊடும் பாவும் ஒன்று விட்டு ஒன்று மாறி மாறிப் போகும், துணி மொறுமொறுவென்று இருக்கும், காற்று போய்வரும், உடம்பில் ஒட்டாது. குளிர்கிறவர்களுக்கு சாட்டின் நெசவு, நூல் மேலே நீளமாக மிதக்கும், அதனால் வழவழப்பு, உடம்போடு படிந்து கிடக்கும். இரண்டும் பருத்திதான், நெசவில்தான் வித்தியாசம். தனித்தனிப் போர்வை வைத்திருப்பவர்கள் ஒரே நிறத்தில் ஒன்று பெர்கேல், ஒன்று சாட்டின் என்று வாங்கலாம், பார்வைக்கும் ஜோடியாக இருக்கும்.

த்ரெட் கவுண்ட் ஆயிரம் என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். ஒரு சதுர அங்குலத்தில் அத்தனை நூல் இருப்பதாக அர்த்தமில்லை, முறுக்கிய நூலின் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணிப் போடுகிறார்கள். நல்ல ஒற்றை நூலில் 200லிருந்து 400 வரை இருந்தால் அதுவே அருமையான துணி. வியர்க்கிறவர்கள் இந்த எண்ணைத் தேடி ஓடினால் அடர்த்தியான துணிதான் கிடைக்கும், இன்னும் வியர்க்கும்.

அண்ணாநகர் வாசி:

எங்கள் பிரச்சினை ஏசி. மே மாதம் பையன் 18ல் வைப்பான், என் அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது, அதே அறையில்தான் படுக்கிறார், ராத்திரி முழுக்க முழங்கால் வலி என்பார். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசி எல்லாம் 24ல் ஆரம்பிக்கும்படி விதி வந்தது. அது ஆன் செய்யும்போது வரும் எண் மட்டும்தான், ரிமோட் யார் கையிலோ அவர் ராஜ்ஜியம். பையனிடம் பேசி 25ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டோம். அவனுக்கு ஒரு மல் துணி தோஹர், அதாவது மூன்று அடுக்கு மெல்லிய பருத்தி சேர்த்துத் தைத்தது. அப்பாவுக்கு சென்னிமலைப் போர்வை ஒன்றும், கால்மாட்டில் ஏசி கம்ஃபர்ட்டர், அதாவது மெல்லிய அடைப்பு வைத்த போர்வை, ஒன்றும்.

நம் ஊரில் டோக் எண் கிடைக்காது, ஜிஎஸ்எம்தான் போடுவார்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் அடைப்பு என்று. ஏசி அறைக்கு 120லிருந்து 200 வரை எடுக்கலாம். ஆனால் பாலியெஸ்டரில் 200க்கும் பருத்தியில் 200க்கும் ஒரே சூடு வராது, அதனால் பொருள் என்ன என்று படித்துவிட்டு எண்ணைப் பாருங்கள். மைக்ரோஃபைபர் (மெல்லிய பாலியெஸ்டர் இழை) கம்ஃபர்ட்டர் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கதகதப்பாக இருக்கிறது என்றார், இரண்டு மணி வாக்கில் கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. மேலே பருத்திப் போர்வை, தேவைப்பட்டால் மட்டும் கம்ஃபர்ட்டர், என்று மாற்றியபின் புகார் இல்லை.

கோவை மலர்:

பெண்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலம், ஐம்பதை ஒட்டிய வயதில் எனக்கு ராத்திரி திடீரென்று நெஞ்சிலிருந்து தலைவரை தீப்பிடித்த மாதிரி சூடு ஏறும், நைட்டி நனையும், பத்து நிமிஷத்தில் அதே உடம்பு நடுங்கும். ஒரே ஆளுக்கே ஒரே ராத்திரியில் இரண்டு வித குளிர். தடித்த போர்வை ஒன்று இருந்தால் இதற்கு வழியே கிடையாது, மூடினால் வேகிறது, எடுத்தால் விறைக்கிறது. மெல்லிய பருத்தி விரிப்பு இரண்டு மூன்றை அடுக்காக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விலக்குவதும் இழுப்பதும்தான் எனக்குக் கைகொடுத்தது.

மெத்தையையும் மறந்துவிடாதீர்கள். மெமரி ஃபோம் மெத்தை உடம்பு பதிந்த இடத்தில் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, முதுகுப் பக்கம் காற்றே போகாது. நான் அதைப் பையன் அறைக்குத் தள்ளிவிட்டு போடியிலிருந்து இலவம் பஞ்சு மெத்தை வரவழைத்தேன். இலவம் பஞ்சின் இழை உள்ளே குழல் மாதிரி வெற்றாக இருக்கும், எடை குறைவு, ஈரமும் சட்டென்று ஏறாது. நாள்பட்டால் அமுங்கிப்போகும், வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி எழும்பும். மொட்டை மாடியில் காயவைத்து எடுத்த அன்றைக்கு அதில் படுத்துப் பாருங்கள்.

முக்கியமான விஷயம், எப்போதும் குளிர்கிறது என்கிற பெண்களுக்குத் தைராய்டு குறைவாகவோ ரத்தசோகையோ இருக்கலாம். என் தங்கை இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுப்பாள், வீட்டில் எல்லோரும் அவள் சுபாவமே அப்படி என்று விட்டுவிட்டார்கள். ரத்தம் பரிசோதித்தபோதுதான் தைராய்டு தெரிந்தது. போர்வை வாங்கும் முன் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

பர்மிங்காம் அம்மா:

குழந்தை உள்ள வீட்டுக்காரர்களுக்கு. ஊரிலிருந்து வந்த என் மாமியார், பிள்ளைக்குக் குளிருமே என்று டூவேயை மடித்துப் போர்த்தப் பார்த்தார். அன்பினால்தான். ஆனால் ஒரு வயது ஆகும்வரை குழந்தைக்கு டூவேயும் தலையணையும் கூடாது என்று இங்கே மருத்துவத் துறையே சொல்கிறது, முகத்தை மூடினால் அதற்கு விலக்கத் தெரியாது, சூடு அதிகமானாலும் ஆபத்து. தோளில் மாட்டும் ஸ்லீப்பிங் பேக் இருக்கிறது, அதற்கும் டோக் எண் உண்டு. கோடைக்கு 0.5, குளிருக்கு 2.5. அறை 16லிருந்து 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கை கால் சில்லென்றுதான் இருக்கும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு சட்டை மாட்டக்கூடாது, நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பார்க்க வேண்டும். மாமியாரின் கையை எடுத்துப் பிள்ளையின் பின்கழுத்தில் வைத்துக் காட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது. அன்றிலிருந்து அவரே ராத்திரி எழுந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பார்.

டொராண்டோ சுந்தரம்:

இங்கே மைனஸ் 20 எல்லாம் வரும், இருந்தாலும் ஹீட்டிங் இருப்பதால் வீட்டுக்குள் அவ்வளவு குளிர் இல்லை. மெத்தைக்கு மேலே விரிக்கும் மின்சார விரிப்பு வைத்திருக்கிறோம், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ரிமோட். மனைவி படுப்பதற்கு அரைமணி முன்னால் தன் பக்கத்தைப் போட்டுவிட்டு, படுக்கும்போது அணைத்துவிடுவார். என் பக்கத்து ரிமோட்டை நான் தொடுவதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதத்தில் உணர்ச்சி குறைவு. அப்படிப்பட்டவர்கள் மின்சார விரிப்பும் வெந்நீர்ப் பையும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார், சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், ஆறவும் ஆறாது. நம்மவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் அதிகம், அதனால் எழுதுகிறேன். எனக்குக் கம்பளிக் காலுறை போதும்.

லெஸ்டர் தமிழச்சி:

எல்லோருக்கும் நன்றி. கோவை மலர் அக்கா, தைராய்டு டெஸ்டுக்கு எங்கள் ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) கேட்டிருக்கிறேன், எனக்கும் சின்ன வயதிலிருந்தே கை கால் ஜில்லென்றுதான் இருக்கும். சூரிச் அக்கா, தனிப் போர்வை யோசனையை வீட்டுக்காரரிடம் கதைத்தேன் (உங்கள் ஊர்ச் சொல் ஒட்டிக்கொண்டது), அவருக்கு முழுச் சம்மதம். எனக்கு ஒரே தயக்கம், கட்டிலை விரித்தால் இரண்டு போர்வை அழகாகவே இருக்காதே?

சூரிச் அக்கா:

இரண்டையும் நீளவாக்கில் மூன்றாக மடித்து அவரவர் பக்கத்தில் வையுங்கள், மேலே கால்மாட்டில் ஒரு நீள விரிப்பைக் குறுக்காகப் போடுங்கள். இங்கே ஹோட்டலில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். இங்கிலாந்தில் சிங்கிள் டூவே 135க்கு 200தானே, ஜெர்மனியின் சாதாரண அளவும் அதுவே, அதனால் உறைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் உயரம் என்றால் மட்டும் 220 நீளம் உள்ளதைத் தேடுங்கள், இல்லாவிட்டால் கால் வெளியே நிற்கும்.

கரூர் நெசவுக்காரன்:

உறை வாங்கும்போது உள்மூலைகளில் நாடா வைத்துத் தைத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள் சகோதரி. டூவேயின் மூலையில் இருக்கும் வளையத்தில் அதைக் கட்டிவிட்டால் அடைப்பு ஒரு பக்கமாகச் சரியாது. முதல் தடவை துவைத்தால் பருத்தி கொஞ்சம் சுருங்கும், மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால் மிகச் சரியாகப் பொருந்துவதை எடுக்க வேண்டாம்.