தை மாதம் கல்யாணம்: முகத்துக்கு கெமிக்கல் பீல் செய்துகொள்ளலாமா?

உசிலம்பட்டிப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது. மகளிர் குழுக் கடன் வசூல் வேலை, காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால் எழுமலை, சேடப்பட்டி என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மதியம் இரண்டு மணிக்குத்தான் நிழலைப் பார்ப்பேன். கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்த பரு இன்னும் விடவில்லை. பரு அமுங்கினாலும் கறை போவதில்லை, இரண்டு கன்னத்திலும் தாடையிலும் மிளகு மிளகாகக் கருப்பாக நிற்கிறது, மாதவிலக்கு நெருங்கினால் புதிதாக நாலைந்து வரும்.

தை மாதம் கல்யாணம். இப்போது புரட்டாசி, நாலு மாதம் இருக்கிறது. மதுரையில் ஒரு இடத்தில் கேட்டேன். முகத்தில் ஆசிட் பூசி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் ஆறு தடவை செய்தால் முகம் தெளிந்துவிடும், ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 10,000 என்றார்கள். முகத்தைப் பார்த்தது வரவேற்பில் இருந்த பெண்தான், டாக்டர் அன்றைக்கு இல்லை. அம்மா "ஆசிட்டைப் போய் முகத்தில் ஊற்றுவார்களா" என்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்யாண ஆல்பத்தில் இந்தக் கன்னத்தோடு நிற்க மனசில்லை. செய்துகொண்டவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். இன்னொன்று, சித்தி மகள் சொல்லி மெடிக்கலில் வாங்கிய க்ரீம் ஒன்றை இரண்டு வருடமாக ராத்திரி போடுகிறேன். அதைப் போட்டால் முகம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்துவிடும். அதைத் தொடரலாமா?

கீழவாசல் அக்கா:

தங்கச்சி, உன் அம்மாவின் பயத்தை ஒதுக்கிவிடாதே. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பியூட்டி பார்லரில் "ஃப்ரூட் பீல்" என்று சொன்னார்கள், பழச்சாறுதானே என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள்தான் மேலுதட்டுக்குத் த்ரெட்டிங் செய்திருந்தேன், அதையும் யாரும் கேட்கவில்லை. பூசிய கொஞ்ச நேரத்தில் மிளகாய்ப் பொடி பட்ட மாதிரி எரிந்தது. எரிகிறது என்று சொன்னேன், பொறுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் வேலை செய்யும் என்றார் அந்தப் பெண். நானும் பொறுத்தேன். இன்று நினைத்தாலும் அந்த இடத்தில்தான் மனசு நிற்கிறது.

மறுநாள் மேலுதட்டிலும் தாடையிலும் பழுப்பாக ஒரு பட்டை, கல்யாணத்துக்குள் அது கரிக்கோடு மாதிரி ஆகிவிட்டது. மண்டபத்தில் வருகிறவர்கள் எல்லாம் "சமையலில் சுட்டுக்கொண்டாயா" என்று கேட்டார்கள். அப்புறம் தோல் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன ஆசிட், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்பது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பார்லரில் போய்க் கேட்டால் பாட்டில் தீர்ந்துவிட்டது என்றார்கள். அந்தக் கருமை போக எட்டு மாதம் ஆனது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஆசிட் பெயரையும் சதவீதத்தையும் ஒரு தாளில் எழுதித் தராத இடத்தில் முகத்தைக் கொடுக்காதே.

அண்ணா நகர் நர்ஸ்:

தோல் டாக்டர் ஒருவரிடம் பத்து வருடமாக உதவிக்கு இருக்கிறேன், பீல் நடக்கும்போது பக்கத்தில் நிற்பது என் வேலை. உங்கள் கேள்வியில் கடைசியாகச் சொன்னீர்களே, அந்த க்ரீம், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மெடிக்கலில் இப்படிக் கொடுப்பது பெரும்பாலும் மூன்று மருந்து சேர்ந்த க்ரீம்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. டியூபைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும், பரு கூடும், நிறுத்தினால் நீங்கள் சொன்ன மாதிரியே எரிந்து சிவக்கும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை அட்டவணை எச்-இல் சேர்த்தும் கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம் இது. அந்தத் தோலின் மேல் பீல் போட்டால் ஆசிட் நினைத்ததைவிட ஆழமாக இறங்கிவிடும். வரவேற்பில் இருந்தவர் இதைக் கேட்டாரா?

பீல் கெட்டது இல்லை. நல்லபடியாகச் செய்தால் பருக்கறைக்கு உண்மையாகவே பலன் இருக்கிறது, குழித் தழும்பை மட்டும் மேலோட்டமான பீல் நிரப்பாது. எங்கள் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். தலைமுடியைக் கட்டி, கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் எல்லாம் வாஸ்லின் தடவுவோம். முகத்து எண்ணெயைத் துடைத்து எடுப்போம். மின்விசிறி நேராக முகத்துக்கு. பருவுக்குப் பெரும்பாலும் சாலிசிலிக் ஆசிட், எண்ணெயில் கரைவதால் பருத் துவாரத்துக்குள் போகும். பூசியதும் இரண்டு மூன்று நிமிடம் சுருக்கென்று ஏறும், அப்புறம் தானாக மரத்து இறங்கும், முகத்தில் வெள்ளையாகப் பொடி படியும். கிளைகாலிக் ஆசிட் அப்படி இல்லை, நேரம் போகப் போக இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் டாக்டர் கடிகாரத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார், எங்காவது கூடுதலாகச் சிவந்தால் சோடா உப்புக் கரைசல் தயாராக என் கையில் இருக்கும். எரிகிறது என்று நீங்கள் சொன்னால் அது எங்களுக்குத் தகவல், அதைப் பொறுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மூன்றாம் நாளிலிருந்து வெங்காயச் சருகு மாதிரி வாயோரம் உரியும், கை வைத்துப் பிய்த்தால் அந்த இடம் கருக்கும்.

வெயில் பட்டால் எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு கருக்கிறது என்று வைத்து ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற டாக்டர் 1975-இல் ஒரு வகைப்பாடு செய்தார். இப்போது ஆறு வகையாக இருக்கும் அதில் நம் ஊர்த் தோல் பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது வகை. லேசாகப் புண்பட்டாலே கருமையை இறக்கிவிடும் தோல் இது. நீங்கள் போக்க நினைக்கும் கறையே அப்படி வந்ததுதான். பீல் செய்த வாரத்தில் சேடப்பட்டி ரோட்டில் ஆறு மணி நேரம் வெயிலில் போனால் 10,000 ரூபாய்க்குப் புதுக் கறை வாங்கிய மாதிரி ஆகிவிடும்.

மல்லித் தோட்டம்:

தங்கச்சி, என் வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு. பூப்பறிக்க விடியும் முன்னே போனாலும் முடிக்க ஒன்பது மணி ஆகிவிடும், வெயில் ஏறிவிடும். பீல் செய்யலாம் என்று நாங்களாகவே முடிவு பண்ணிக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போனோம். அந்த டாக்டரம்மா இப்போது வேண்டாம், முதலில் மூன்று மாதம் சன்ஸ்கிரீனும் அகலத் தொப்பியும், அப்புறம் பார்ப்போம் என்றார். ஏமாற்றமாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் பாதி குறைந்துவிட்டது, பீல் பேச்சே அப்புறம் எடுக்கவில்லை. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

உசிலம்பட்டிப் பொண்ணு:

நர்ஸ் அக்கா, டியூபைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மூன்றும் அப்படியே இருக்கிறது. படித்ததும் கை நடுங்கிவிட்டது. இன்றைக்கே தூக்கி எறிந்துவிடட்டுமா? அப்புறம் தைக்குள் பீல் செய்ய நேரம் இருக்குமா?

அண்ணா நகர் நர்ஸ்:

எறியாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் பொங்கிவிடும், அதை எப்படிக் குறைப்பது, எரிச்சலுக்கு என்ன போடுவது என்று டாக்டர்தான் உங்கள் தோலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எம்.டி. அல்லது டிப்ளமோ தோல் படிப்பு படித்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள், டியூபைக் கையோடு கொண்டு போங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எப்போதாவது சாப்பிட்டிருந்தால், உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமானால், காயம் பட்ட இடம் தடித்து வளருமானால், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது என்றால் எல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நேரம் பற்றி: தோல் தேற ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதன் பிறகு டாக்டர் சரி என்றால் இரண்டு மூன்று வார இடைவெளியில் ஒன்றோ இரண்டோ முடியும், ஆறு முடியாது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் ஒரு மாதமாவது இருக்கட்டும், நலங்கு மஞ்சளும் ப்ளீச்சும் உரிகிற தோலில் படக் கூடாது. சன்ஸ்கிரீனை இன்றே ஆரம்பியுங்கள், இரண்டு விரல் நீளம் முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும்.

கீழவாசல் அக்கா:

ஆறு தடவைக்கும் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டாயா?

உசிலம்பட்டிப் பொண்ணு:

இல்லை அக்கா, 500 முன்பணம் மட்டும் கொடுத்தேன், போகட்டும். புதன்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், அம்மாவும் கூட வருகிறார். டியூபை ஒரு கவரில் போட்டு ஸ்கூட்டி டிக்கியில் வைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன கேள்விகளை வசூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.